குர்திஸ்தான் அரசியலமைப்பும் கிர்குக் தகராறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈராக்கின் வடக்கே உள்ள குர்திஸ்தான் வட்டாரத்தின் நாடாளுமன்றம் 2009 ஜூன் 24 அன்று தனக்கென ஓர் அரசியலமைப்பு வரைவை நிறைவேற்றியது. அடுத்த சில நாட்களிலேயே பாக்தாத், வாஷிங்டன், அங்காரா என்று பல தலைநகரங்களில் அதைப் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. அந்த வரைவு இன்றுவரை சட்டமாகவில்லை. அது கிளறிவிட்ட நிலத் தகராறும் தீரவில்லை. செய்திகளில் கிர்குக், 140-ஆவது பிரிவு, பெஷ்மெர்கா என்று அடிபடும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

குர்திஸ்தான் தனி நாடா?

இல்லை. எர்பில், சுலைமானியா, டுஹோக் ஆகிய மாகாணங்களை உள்ளடக்கிய தன்னாட்சி வட்டாரம் அது. அதன் தலைநகர் எர்பில். ஹலப்ஜா பின்னால் தனி மாகாணமாகப் பிரிந்தது. தனி நாடாளுமன்றம், தனி அதிபர், தனிப் பிரதமர், பெஷ்மெர்கா என்ற தனிப் படை எல்லாம் உண்டு. ஆனால் அது ஈராக்குக்கு உட்பட்டது. 2005-இல் ஈராக் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியலமைப்பின் 117-ஆவது பிரிவு இந்த வட்டாரத்தை அங்கீகரிக்கிறது. 120-ஆவது பிரிவு, ஒரு வட்டாரம் தனக்கென அரசியலமைப்பு எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது நாட்டின் அரசியலமைப்புக்கு முரணாக இருக்கக் கூடாது என்கிறது.

சட்டமே அனுமதிக்கிறது என்றால் 2009-இல் எதற்கு அவ்வளவு சண்டை?

எல்லைதான் காரணம். வரைவின் தொடக்கத்திலேயே, இரண்டாவது பிரிவில், குர்திஸ்தானின் நிலப்பரப்பு எது என்று எழுதினார்கள். தங்கள் கையில் அப்போதே இருந்த மாகாணங்களோடு நிற்காமல் கிர்குக், நினவே மாகாணத்தின் சிஞ்சார், ஷேகான், தெல்கேஃப், கரகோஷ், தியாலா மாகாணத்தின் கானாக்கின், மந்தலி என்று ஒரு நீண்ட பட்டியலையும் சேர்த்தார்கள். ஈராக் அரசியலமைப்பின் 140-ஆவது பிரிவின்படி, அதாவது அந்தப் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, முடிவு செய்யப்படும் என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. ஆனால் பாக்தாதில் இருந்தவர்கள் நிபந்தனையைப் பார்க்கவில்லை, பட்டியலைத்தான் பார்த்தார்கள். வாக்கெடுப்பில் முடிவாக வேண்டிய ஒன்றை முன்கூட்டியே அரசியலமைப்பில் எழுதி வைத்தால், நாளைக்கு எந்தக் குர்திய அரசும் அதிலிருந்து பின்வாங்க முடியாது. அப்புறம் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கும்? அந்த அச்சம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

சர்ச்சைக்குரிய பகுதிகள் எங்கே இருக்கின்றன?

வரைபடத்தில் சிரியா எல்லையோரம் உள்ள சிஞ்சார் மலையிலிருந்து தென்கிழக்காக ஒரு கோடு இழுங்கள். மொசூல் நகரைச் சுற்றியுள்ள நினவே சமவெளி, மக்மூர், கிர்குக், தூஸ் குர்மாது வழியாக ஈரான் எல்லையோரம் உள்ள கானாக்கின், மந்தலி வரை அது போகும். மலையும் சமவெளியும் சந்திக்கும் இடம் இது. குர்துகள், அரபுகள், துருக்மென்கள், அசீரிய, கல்தேயக் கிறிஸ்தவர்கள், யசீதிகள், ஷபக்குகள், காக்காயி மதத்தினர் என்ற சிறுபான்மையினர் எல்லோரும் அக்கம்பக்கமாக வாழும் பகுதி. ஒரு கிராமத்தில் ஒரு மொழி, அடுத்த கிராமத்தில் வேறு மொழி. எங்கே எல்லை போட்டாலும் யாராவது ஒருவர் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொள்வார்.

இந்த நிலங்கள் உண்மையில் யாருடையவை?

இந்தப் பக்கத்தில் மிகக் கடினமான கேள்வி இதுதான். கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1970 மார்ச் 11 அன்று குர்தியக் கிளர்ச்சித் தலைவர் முல்லா முஸ்தஃபா பர்சானிக்கும் ஈராக்கை ஆண்ட பாத் கட்சி அரசுக்கும் இடையே தன்னாட்சி ஒப்பந்தம் ஏற்பட்டது. பாத் கட்சி சார்பில் பேசியவர் அப்போது இளம் தலைவராக இருந்த சதாம் உசேன். குர்துகள் பெரும்பான்மையாக உள்ள பகுதிகள் தன்னாட்சிக்குள் வரும், எது பெரும்பான்மை என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் என்று பேசிக்கொண்டார்கள். கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1974-இல் மறுபடி போர். 1975-இல் ஈராக்கோடு செய்த அல்ஜியர்ஸ் உடன்பாட்டின் மூலம் ஈரானின் மன்னர் ஷா குர்துகளைக் கைவிட்டார், கிளர்ச்சி சரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை 'அரபுமயமாக்கல்' என்கிறார்கள். கிர்குக் மாகாணத்தின் பெயரையே 'அத்-தமீம்' என்று 1976-இல் மாற்றினார்கள். 'தேசியமயமாக்கல்' என்று பொருள், எண்ணெய் நிறுவனத்தை அரசுடைமை ஆக்கியதன் நினைவாக. குர்துகள் நிறைந்த சம்சமால், கலார் வட்டங்களை வெட்டிச் சுலைமானியாவோடு சேர்த்தார்கள். கிஃப்ரி தியாலாவுக்குப் போனது, துருக்மென்கள் நிறைந்த தூஸ் குர்மாது சலாஹுத்தீனுக்குப் போனது. தெற்கிலிருந்து அரபுக் குடும்பங்களைப் பணமும் மனையும் கொடுத்துக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். 1988-இல் குர்துகள் மீது சதாம் அரசு நடத்திய அன்ஃபால் ராணுவ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான கிராமங்கள் தரைமட்டமாயின. அதே ஆண்டு மார்ச் 16 அன்று ஹலப்ஜா ஊரின் மீது நச்சுவாயு வீசியதில் சுமார் 5,000 பேர் இறந்தார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒரு படிவம். 'தேசிய இனத் திருத்தம்' என்று அதற்குப் பெயர். கிர்குக்கில் வாழ்ந்த குர்தோ துருக்மெனோ, தான் உண்மையில் அரபு என்றும் இதற்கு முன் பதிவானது பிழை என்றும் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்கள் ரேஷன் அட்டையைப் பறிகொடுத்து, சாமான்களோடு வடக்கே விரட்டப்பட்டார்கள். சதாம் வீழ்ந்த பிறகு 2003-இல் அவர்கள் திரும்பி வந்தபோது வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கிர்குக் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர் படிக்கட்டுகளுக்குக் கீழே செங்கல் வைத்து மறைப்புக் கட்டி ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன.

சரி, அப்படியானால் நிலம் குர்துகளுடையதுதானே என்றால், பதில் அவ்வளவு நேராக இல்லை. ஓரளவு நம்பத்தக்கது என்று எல்லாத் தரப்பும் ஏற்கும் கணக்கெடுப்பு 1957-இல் எடுத்தது. அதன்படி மாகாணம் முழுவதையும் எடுத்தால் குர்துகள் 48 சதவீதத்தைத் தொட்டு முதலிடத்தில் இருந்தார்கள். கிர்குக் நகரத்தை மட்டும் எடுத்தால் துருக்மென்களே முதலிடம். அரபுகளிலும் இரு வகை உண்டு. ஹவீஜா பக்கம் பல தலைமுறைகளாக வாழும் பழங்குடியினர் ஒரு பக்கம், சதாம் காலத்தில் குடியேறியவர்கள் இன்னொரு பக்கம். குடியேறியவர்களின் பிள்ளைகள் கிர்குக்கிலேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு வேறு ஊர் தெரியாது. குர்துகளுக்கு நடந்தது பெரும் அநீதி. ஆனால் அந்த அநீதி துருக்மென்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சேர்ந்தே நடந்தது. அதைக் காட்டி ஒரு தரப்பு மட்டும் முழு மாகாணத்தையும் கேட்க முடியாது.

140-ஆவது பிரிவு என்ன சொல்கிறது?

மூன்று படிகள். முதலில் 'இயல்புநிலை மீட்பு': விரட்டப்பட்டவர்கள் திரும்பி வர வேண்டும், குடியேற்றப்பட்டவர்கள் இழப்பீடு பெற்றுச் சொந்த ஊர் போகலாம், மாற்றப்பட்ட எல்லைகள் சரி செய்யப்பட வேண்டும். அடுத்து கணக்கெடுப்பு. கடைசியாக, எந்தப் பக்கம் சேர்வது என்று அந்தந்தப் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு. எல்லாம் 2007 டிசம்பர் 31-க்குள் முடிந்திருக்க வேண்டும்.

ஏன் முடியவில்லை?

முடிந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2003-க்குப் பிறகு குர்துகள் பெருமளவில் திரும்பி வந்துவிட்டதால், வாக்கெடுப்பு வைத்தால் கிர்குக் குர்திஸ்தானோடு போகும் என்று பாக்தாத் கணக்குப் போட்டது. ஆகவே இழுத்தடித்தது. ஊர் திரும்பும் அரபுக் குடும்பத்துக்கு 2 கோடி தினாரும் ஒரு மனையும் என்று அறிவித்தார்கள், சில ஆயிரம் குடும்பங்கள் வாங்கிக்கொண்டும் போயின. எல்லைகளைத் திருத்தும் வேலையும் கணக்கெடுப்பும் தொடங்கவே இல்லை.

கெடு முடியும் நேரத்தில் ஐ.நா. தூதர் ஸ்டஃபான் தெ மிஸ்துரா ஆறு மாத அவகாசம் வாங்கித் தந்தார். 2008 ஜூனில் நான்கு வட்டங்களைப் பற்றி ஒரு பரிந்துரை, 2009 ஏப்ரலில் 15 வட்டங்களைப் பற்றி விரிவான அறிக்கை. அதைத் தலைவர்களிடம் கொடுத்தார்களே தவிர மக்களிடம் வெளியிடவில்லை. கிர்குக்கை மொத்தமாக இங்கேயோ அங்கேயோ தள்ளாமல், இரு அரசுகளோடும் தொடர்புள்ள சிறப்பு மாகாணமாக வைத்திருப்பது பற்றிய யோசனைகளும் அதில் இருந்தன. நல்ல வேலை அது, எர்பிலும் பாக்தாதும் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டன. இரண்டே மாதத்தில் குர்திய நாடாளுமன்றம் அந்தப் பட்டியலோடு வந்தது.

2009 கோடையில் சரியாக என்ன நடந்தது?

ஜூலை 25 அன்று குர்திஸ்தானில் நாடாளுமன்றத்துக்கும் அதிபர் பதவிக்கும் தேர்தல். அன்றைக்கே அரசியலமைப்புக்கும் வாக்கெடுப்பு வைத்துவிடலாம் என்பது எர்பிலின் திட்டம். பாக்தாதில் இருந்த அரபு, துருக்மென் உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிரதமர் நூரி அல்-மாலிகியும் குர்திஸ்தான் அதிபர் மசூத் பர்சானியும் ஏறத்தாழ ஓராண்டாக நேரில் சந்தித்துப் பேசாமல் இருந்தார்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்த நேரத்தில் ஈராக்கின் அதிபராக இருந்த ஜலால் தலபானி ஒரு குர்து. வெளியுறவு அமைச்சர் ஹோஷியார் செபாரியும் குர்து. அதாவது, தங்கள் இனத்தின் கோரிக்கையால் கிளம்பிய நெருக்கடியில் ஈராக்கின் முகமாக உலகத்திடம் பேச வேண்டிய இடத்தில் இவர்கள் இருந்தார்கள்.

ஜூலை தொடக்கத்தில் அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடன் பாக்தாத் வந்தார். குர்திஸ்தானுக்கும் போவதாக இருந்தது, மணல் புயலால் போக முடியவில்லை. இந்த வாக்கெடுப்பு இப்போது உதவாது என்ற செய்தியை அமெரிக்கா தெளிவாகவே சொன்னது. ஈராக் தேர்தல் ஆணையம், அவ்வளவு குறுகிய நேரத்தில் இரண்டையும் சேர்த்து நடத்த முடியாது என்றது. எர்பில் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 2 அன்று மாலிகி, தொக்கான் ஏரிக்கரை ஊருக்கு வந்து பர்சானியைச் சந்தித்தார். கை குலுக்கிய படங்கள் வந்தன, எல்லைப் பிரச்சினை இருந்த இடத்திலேயே இருந்தது.

அமெரிக்கா ஏன் அவ்வளவு பதறியது?

ஜூன் 30 அன்றுதான் அமெரிக்கப் படைகள் ஈராக்கின் நகரங்களை விட்டு வெளியேறின, வரைவு நிறைவேறி ஆறே நாள். இடையில் நின்று விலக்கிவிட ஆள் இல்லாமல் ஈராக் ராணுவமும் பெஷ்மெர்காவும் நேருக்கு நேர் நின்றன. 2008 ஆகஸ்டில் கானாக்கினில் இரண்டும் மோதும் நிலைக்குப் போய்த்தான் திரும்பின. 2009 மே மாதம் நினவேயின் புதிய ஆளுநர் அதீல் அல்-நுஜைஃபி தன் சொந்த மாகாணத்தில் உள்ள பஷீகா ஊருக்குள் போகப் பார்த்தபோது பெஷ்மெர்கா தடுத்தது. அமெரிக்கத் தளபதி ரே ஒடியெர்னோ இதற்கு ஒரு வழி கண்டார்: அமெரிக்கர், ஈராக் ராணுவம், பெஷ்மெர்கா மூவரும் சேர்ந்த சோதனைச் சாவடிகள், ரோந்து. 2010-இல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கப் படை 2011 இறுதியில் கிளம்பியதும் அந்த ஏற்பாடு நீர்த்துப்போனது.

துருக்கிக்கு இதில் என்ன வேலை?

துருக்கிக்குள்ளேயே கோடிக்கணக்கான குர்துகள் வாழ்கிறார்கள். பக்கத்தில் எண்ணெய் வளத்தோடு ஒரு குர்திய நாடு வந்தால் தன் வீட்டுக்குள்ளும் அந்த எண்ணம் வளரும் என்பது அங்காராவின் பழைய பயம். அதோடு கிர்குக்கின் துருக்மென்களைத் தன் உறவுக்காரர்களாகப் பார்க்கிறது.

ஆனால் வியாபாரம் என்று வந்தபோது துருக்கி எர்பிலோடு நெருங்கியது. அந்த நெருக்கமே பாக்தாதோடு மோதலைக் கொண்டுவந்தது. 2012 ஆகஸ்டில் துருக்கி வெளியுறவு அமைச்சர் அகமத் தாவுதோலு எர்பிலிலிருந்து காரில் கிர்குக் போனார். பாக்தாதிடம் அனுமதி கேட்கவில்லை. எங்கள் நாட்டுக்குள் எங்களுக்கே தெரியாமல் எப்படி வரலாம் என்று ஈராக் அரசு கண்டனம் தெரிவித்தது. ஓர் அமைச்சரின் பயண வழியே ராஜதந்திரத் தகராறு ஆகிறது என்றால், அந்த ஊர் யாருக்குச் சொந்தம் என்பது எவ்வளவு ஆறாத புண்ணாக இருக்கிறது என்று பாருங்கள். 2017 மார்ச்சில் கிர்குக் மாகாண கவுன்சில் அரசுக் கட்டடங்களில் ஈராக் கொடியோடு குர்தியக் கொடியையும் ஏற்ற முடிவு செய்தபோது, இறக்குங்கள் என்று துருக்கி அதிபர் எர்துவான் வெளிப்படையாகவே எச்சரித்தார். ஈராக் நாடாளுமன்றமும் அதையே சொன்னது.

ஈரான்?

துருக்கியின் அதே பயம், கூடவே பாக்தாதில் உள்ள ஷியா கட்சிகளோடு நெருக்கம். சுலைமானியாவை மையமாகக் கொண்ட தலபானியின் கட்சியான தேசபக்த ஒன்றியத்தோடும் நீண்ட காலத் தொடர்பு. 2017-இல் அந்தத் தொடர்பு பெரிதாக வேலை செய்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாமே எண்ணெய்க்காகத்தானா?

எண்ணெய் பெரிய காரணம், ஒரே காரணம் அல்ல. கிர்குக் பக்கத்தில் பாபா குர்குரில் 1927-இல் எண்ணெய் பீறிட்டதிலிருந்து அந்த ஊரின் தலையெழுத்து மாறியது. அரசியலமைப்பின் 111-ஆவது பிரிவு எண்ணெய் ஈராக் மக்கள் எல்லோருக்கும் சொந்தம் என்கிறது. 112-ஆவது பிரிவு 'தற்போதைய' வயல்களை மத்திய அரசு வட்டாரங்களோடு சேர்ந்து நிர்வகிக்கும் என்கிறது. அப்படியானால் புதிதாகத் தோண்டும் வயல்கள் எங்களுடையவை என்று எர்பில் வாதிட்டு, 2007-இல் தனிச் சட்டம் போட்டு வெளிநாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்தது. 2022 பிப்ரவரியில் ஈராக்கின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது.

2023 மார்ச்சில் இன்னொரு அடி. பாக்தாதின் ஒப்புதல் இல்லாமல் குர்திய எண்ணெயைக் குழாய் வழியே ஜெய்ஹான் துறைமுகத்துக்கு விட்டதற்காகத் துருக்கி சுமார் 150 கோடி டாலர் தர வேண்டும் என்று பாரிஸ் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. துருக்கி குழாயை மூடியது. இரண்டரை ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் இறுதியில்தான் மறுபடி எண்ணெய் ஓடியது. அந்த இடைக்காலத்தில் அவதிப்பட்டவர்கள் எர்பிலிலும் சுலைமானியாவிலும் மாதச் சம்பளம் வராமல் நின்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்.

குர்துகள் எல்லோரும் அந்த வரைவை ஆதரித்தார்களா?

எல்லையைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே குரல். அதிபரின் அதிகாரத்தைப் பொறுத்தவரை இல்லை. வரைவு அதிபரிடம் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் குவிக்கிறது, தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவசரமாக நிறைவேற்றுகிறார்கள் என்று எதிர்த்தவர்கள் குர்துகள்தான். ஊழலையும் பர்சானி, தலபானி என்ற இரு குடும்பங்களின் ஆதிக்கத்தையும் எதிர்த்துக் கிளம்பிய கோரான் இயக்கம் அந்த ஜூலைத் தேர்தலில் 111 இடங்களில் 25-ஐப் பிடித்தது. 2015-இல் மறுபடி அரசியலமைப்புக் குழு அமைத்தார்கள், பர்சானியின் பதவிக்காலம் பற்றிய சண்டையில் அதுவும் நின்றது. அந்த அக்டோபரில் கோரானைச் சேர்ந்த நாடாளுமன்றத் தலைவரையே எர்பிலுக்குள் விடாமல் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மக்களின் நியாயமான கோரிக்கையை அவர்களுடைய தலைவர்களே எப்படிப் பலவீனமாக்குகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

2017 வாக்கெடுப்பு இதே விஷயம்தானா?

இதன் தொடர்ச்சி. 2014 ஜூனில் ஐ.எஸ். அமைப்பு மொசூலைப் பிடித்தபோது ஈராக் ராணுவம் கிர்குக்கை விட்டு ஓடியது, பெஷ்மெர்கா உள்ளே நுழைந்தது. 140-ஆவது பிரிவு இனித் தேவையில்லை, நிறைவேறிவிட்டது என்று பர்சானி பேசினார். 2017 செப்டம்பர் 25 அன்று தனி நாடு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார், சர்ச்சைக்குரிய பகுதிகளையும் சேர்த்து. கிட்டத்தட்ட 93 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

தள்ளிவையுங்கள் என்று அமெரிக்கா, ஐ.நா. பாதுகாப்பு அவை, துருக்கி, ஈரான் எல்லாம் முன்பே சொல்லியிருந்தன. வெளிப்படையாக ஆதரித்தது இஸ்ரேல் மட்டும். அடுத்து, பாக்தாத் எர்பில், சுலைமானியா விமான நிலையங்களுக்கு வெளிநாட்டு விமானங்களைத் தடை செய்தது. அக்டோபர் 16 அன்று ஈராக் படைகள் கிர்குக்குக்குள் நுழைந்தன. தேசபக்த ஒன்றியத்தின் படைப்பிரிவுகளில் ஒரு பகுதி சண்டையில்லாமல் விலகியது. மூன்றாண்டு கையில் இருந்த கிர்குக் ஒரே நாளில் போனது. சர்ச்சைக்குரிய பகுதிகளில் பெரும்பாலானவையும் அந்த வாரத்திலேயே பாக்தாதின் கைக்கு மாறின. 2009-இல் தெ மிஸ்துராவின் அறிக்கையை வைத்துப் பேசியிருந்தால் இதைவிட நல்ல இடத்தில் குர்துகள் நின்றிருப்பார்கள் என்பது என் கருத்து.

சிறுபான்மையினர் நிலைமை?

பெரியவர்களின் சண்டையில் அதிகம் இழந்தவர்கள் சிஞ்சாரின் யசீதிகள். 2014 ஆகஸ்ட் 3 அன்று ஐ.எஸ். வந்தபோது பாதுகாப்புக்கு நின்ற பெஷ்மெர்கா பின்வாங்கியது, அதற்கு முன்பே ஈராக் ராணுவம் போய்விட்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். 2020 அக்டோபரில் சிஞ்சாருக்காக பாக்தாதும் எர்பிலும் ஓர் உடன்பாடு செய்தன, யசீதிகளைப் போதிய அளவு கலந்து பேசாமலே. அதன் பெரும்பகுதி காகிதத்திலேயே கிடக்கிறது. டுஹோக் பக்கத்து முகாம்களில் கூடாரத்திலேயே பிறந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது என்ன நிலை? 140-ஆவது பிரிவு காலாவதியாகிவிட்டதா?

சட்டப்படி இல்லை. கெடு தாண்டினாலும் நோக்கம் நிறைவேறும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. நடைமுறையில் அதைக் கையில் எடுக்க யாரும் இல்லை. 2024 நவம்பரில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஈராக் முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுத்தது. சண்டை வரும் என்பதால் என்ன இனம் என்ற கேள்வியை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கிர்குக்கில் 2005-க்குப் பிறகு முதல் முறையாக 2023 டிசம்பரில் மாகாண கவுன்சில் தேர்தல் நடந்தது. 16 உறுப்பினர்கள், ஆளுநரைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் ஆனது. கடைசியில் 2024 ஆகஸ்டில், கிர்குக்கில் அல்ல, பாக்தாதின் அல்-ரஷீத் ஹோட்டலில் கூடி, தேசபக்த ஒன்றியத்தின் ரெப்வார் தாஹாவைத் தேர்ந்தெடுத்தார்கள். துருக்மென்களும், குர்துகளின் இன்னொரு பெரிய கட்சியான பர்சானியின் ஜனநாயகக் கட்சியும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. குர்திஸ்தான் வட்டாரத்துக்கு இன்னும் அரசியலமைப்பு கிடையாது.